கினா ஐலியின் பின்வாசல்

சமையலறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது, போய்ப் பார் என்று அனுப்பினார்கள். அப்படித்தான் கினா ஐலியை முதன்முதலில் சந்தித்தேன். புயலில் மலையூரை இழந்தவர்களுக்காகச் சமவெளியில் கட்டிய புதுக் குடியிருப்பு அது. வீடுகள் முடிந்துவிட்டன, ஆலயம் மட்டும் பாக்கி. அந்த ஆலய வேலைக்குப் பொறியாளனாக நான் வந்து சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வீட்டில் என்ன, தெற்கே எங்கள் ஊரிலேயே முதல் ஆள். இதை யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்த காலம்.

காலணி முழுக்கச் சேறு. அந்த வீட்டு முன்வாசலில் புதுக் கருங்கல் பலகை பளபளவென்று கிடந்தது. அதை மிதிக்க மனம் வராமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் நெடுநெடுவென்று ஒரு வெள்ளைக்கார அம்மா. எழுபதை நெருங்கும் வயது, நரைத்த முடியை ஆண்பிள்ளைபோல ஒட்ட வெட்டியிருந்தார். அவர் வாயிலிருந்து எங்கள் மலைக்குடிகளின் பைவான் மொழி வந்தது. அதுவும் மலைமேல் கிழவர்கள் பேசும் பழைய இழுப்போடு.

"கழட்டாத, அப்படியே வா. தரை இருக்கறதே கழுவத்தானே."

நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்பதற்கு முன்பே சிவப்பு எனாமல் கெண்டியிலிருந்து காப்பியை ஊற்றி வைத்துவிட்டார். மேசையில் ஏலக்காய் போட்டுச் சடை பின்னியதுபோல் சுட்ட ரொட்டி ஒரு தட்டு நிறைய இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல் இறங்கவில்லை.

"எப்ப சுட்டது கினா?" தாய் வயதுள்ள பெண்களை எங்களில் கினா என்றுதான் அழைப்போம்.

"போன சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் சுடறேன். வெள்ளிக்கிழமை கோழிக்குப் போடறேன். நல்லா கொழுத்துப் போச்சுங்க. நனைச்சுத் தின்னு, எறங்கும்."

நனைத்துத் தின்றேன். குழாய் மூட்டில்தான் கசிவு. அதை இறுக்கிவிட்டு எழுந்தபோது, "இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து இந்தக் கதவு வழியா வந்த மொத ஆளு நீதான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மேற்கே கறுத்திருக்கிறது, மழை வரும் என்பதுபோலச் சொன்னார். ஆனால் நான் கிளம்பிய பிறகும் அந்தக் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது.

அதன்பிறகு ஏதாவது ஒரு சாக்கில் அடிக்கடி போனேன். காப்பி நன்றாக இருந்தது, அதுவும் ஒரு காரணம். அவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

ஐலி பின்லாந்துக்காரர். ஏரியும் பனியுமான ஏதோ ஓர் ஊர். கணவர் தௌனோவை அவர்களுடைய மிஷன் கவுலான் என்ற மலையூருக்கு ஊழியத்துக்கு அனுப்பியபோது கூடவே வந்தவர். வந்தபோது இருபத்தாறு வயது. தௌனோவுக்கு வேலை உண்டு: பிரசங்கம், ஞானஸ்நானம், கல்யாணம், சாவு. ஐலிக்கு மிஷன் எழுதிக் கொடுத்த வேலை ஒன்றுமில்லை, ஊழியரின் மனைவி என்பதைத் தவிர. அவருக்கு இருந்தது ஆலயத்துக்குப் பின்னால் தகரமும் பலகையுமாக ஒரு வீடு. அதன் முன்கதவு முதல் மழைக்காலத்திலேயே ஊதிப்போய் இறுகிவிட்டது. தௌனோ அதை இழைத்துச் சரிசெய்கிறேன் என்று வருஷா வருஷம் சொல்லி, சொல்லிக்கொண்டே இருந்தார். ஆகவே ஊர் மொத்தமும் பின்வாசல் வழியாகத்தான் வந்தது. நேராகச் சமையலறைக்கு.

கவுலான் சரிவுகளில் காப்பி விளையும். விற்பதற்கு வளர்த்தார்களே தவிர, ஊரில் யாரும் குடித்ததில்லை. குடிக்கப் பழக்கியவர் ஐலி. வயலுக்குப் போகிறவர்கள் போகிற வழியில் ஒரு கிண்ணம், வருகிறவர்கள் வருகிற வழியில் ஒரு கிண்ணம். ஒரு நீளமான பெஞ்சு. இடம் இருக்கிறதோ இல்லையோ, நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அந்தச் சமையலறைக்கு வராத ஒரே ஆள் அவருடைய மகள்தான். மார்யுத் கவுலானில்தான் பிறந்தாள். ஆறு வயதில் அவளைக் கீழே நகரத்தில், மிஷன் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எல்லா ஊழியக் குடும்பமும் அப்படித்தான் செய்தது. வேறு வழி உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்கும் கோடை விடுமுறைக்கும் வருவாள். வரும்போதெல்லாம் பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பின்லாந்துக்குப் படிக்கப் போனாள். அங்கேயே வேலை, கல்யாணம், பிள்ளைகள்.

"ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ரொட்டி சுட்டேன். அவ விடுதிச் சோறு தின்னா" என்று ஒருநாள் சொன்னார்.

தௌனோ இதயம் நின்று இறந்தார். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. ஆலயத்துக்குப் பின்னால், சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் புதைத்தார்கள். மிஷன் ஐலியைத் திரும்பி வரச் சொன்னது. அவர் போகவில்லை. ஜன்னலில் தௌனோ, பெஞ்சில் ஊர். போக ஒரு காரணமும் இல்லை என்றார்.

பிறகு அந்த ஆகஸ்ட் புயல் வந்தது. விடாத மழை. எல்லோரும் மேலே முகட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். ஐலி கையில் இருந்தது இந்தச் சிவப்புக் கெண்டி மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு ஊர் இன்றுவரை அவரைக் கேலி செய்கிறது: பைபிளை விட்டுவிட்டுக் காப்பிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய மிஷனரி அம்மா. விடியற்காலையில் சரிவு நகர்ந்தது. ஆலயம், அதன் பின்னால் வீடு, அதன் பின்னால் கல்லறைகள் எல்லாம் ஒரே இழுப்பில் ஆற்றுக்குள் போயின. தேடிப் பார்க்கக்கூட இடமில்லை. மலை நின்ற இடத்தில் வெறும் காற்று இருந்தது என்றார்.

ஊரோடு ஊராக ராணுவ முகாமில் தங்கினார். அங்கே இரும்புக் கட்டில்களுக்கு நடுவே, ஒரு மின்னடுப்பில், அதே கெண்டியில் காப்பி போட்டார். அந்த மாதங்களைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லாவற்றையும் இழந்த ஆள் முகாம் நாட்களை இப்படி நினைப்பாரா?

"அங்க ஒரு நாளும் தனியா உக்காந்து குடிக்கல" என்றார்.

முகாமுக்குப் பிறகு புது வீடு. அதிலும் ஊர் அவருக்குக் கொடுத்தது, ஆலயத்துக்கு ஒதுக்கிய நிலத்தை ஒட்டிய நல்ல இடம். குடிபோன நாளில் தினையும் பன்றிக்கறியும் இலையில் சுற்றி அவித்து விருந்து வைத்தார்கள், பாடினார்கள், ஜெபித்தார்கள், போனார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. தெருவில் பார்த்தால் நின்று, தலை தாழ்த்தி, சுகம் விசாரிப்பார்கள். காப்பி குடிக்க வாயேன் என்றால் "ஆகட்டும் கினா" என்று சிரிப்பார்கள். வருவதில்லை.

"என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்" என்றார். "ஒருவேள இத்தன வருஷம் தௌனோவுக்காக வந்தாங்களோ என்னவோ. அவர் கல்லறையும் போச்சு. இனி நான் யாரு இவங்களுக்கு?"

மார்யுத் வாரா வாரம் தொலைபேசியில் கூப்பிடுகிறாளாம். அங்கே கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் தயார் செய்து வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு ஆலயப் பிரதிஷ்டை. அதற்கு வருகிறேன், திரும்பும்போது நீயும் என்னோடு வா என்று சொல்லியிருக்கிறாள்.

"அதுவரைக்கும் பாப்பேன். ஒருத்தரும் வரலன்னா போயிடுவேன். அவளுக்கும் ஒரு அம்மா பாக்கி இருக்கு இல்ல."

ஆலயத்தின் கூரைச் சட்டங்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். தச்சர்களின் தலைவர் சமக், கவுலான்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். வாயில் எப்போதும் பாக்கு. கொட்டகையில் மத்தியானச் சாப்பாடு. வேலையாட்களுக்காகத் தகரத்தில் தற்காலிகமாக அடித்த கொட்டகை அது. உள்ளே செங்கல் அடுப்பு, கான்கிரீட் வார்க்க அடைத்த பழைய மரப்பலகைகளை ஆணியடித்துச் செய்த பெஞ்சு.

"இஞ்சினியரு எங்க காணோமேன்னு பாத்தேன்" என்றார் சமக்.

"கினா ஐலி வீட்ல இருந்தேன்ணே. காப்பி."

"கூப்பிட்டாங்களா?"

"எதுக்குக் கூப்பிடணும்? பின்கதவத் தட்டினேன், போனேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். சமக் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"பின்கதவு வழியாவா? வெறுங்கையோடவா?"

"சேத்துக் காலோட."

"பட்டம் வாங்கினா கண்ணு தெரியாமப் போயிருமா தம்பி? வாசல் மேல என்ன இருக்குன்னு பாக்கலயா நீ?"

பார்த்திருந்தேன். வாசல் உத்திரத்தில் மனிதத் தலைகளும் சுருண்ட பாம்புகளும் செதுக்கியிருந்தன. அழகான வேலை. தெற்கே எங்கள் ஊரில் இப்போதெல்லாம் உணவுக்கடை வாசலில்கூட அப்படிச் செதுக்கி வைக்கிறார்கள். அதைச் சொன்னேன்.

"உங்க ஊர்ல கழுதைக்கும் தொப்பி போடுவீங்க" என்றார் சமக். "எங்க ஊர்ல அது பெரிய வீட்டு அடையாளம். பரம்பரையா வர்ற ஊர்த் தலைவி வீட்டுக்கும் அவங்க ரத்தத்துக்கும் மட்டும்தான். தலைவியே வாய்விட்டுச் சொல்லி, கினா ஐலிக்குக் குடுத்தாங்க. நான்தான் செதுக்கினேன். ஒரு மாசம், கூலி வாங்கல."

"சரி, அதுக்கும் காப்பிக்கும் என்ன சம்பந்தம்?"

சமக் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பெரிய வீட்டுக்குக் கூப்பிடாமப் போவாங்களா? பின்வாசல் வழியா போவாங்களா? தகரத்த அடிச்ச கையோட போயி அவங்க எதிர்ல உக்காந்து காப்பி குடிப்பாங்களா? அவங்க ஆள் விட்டுக் கூப்பிடணும். நாம ஏதாவது கையில எடுத்துக்கிட்டு முன்வாசல்ல நிக்கணும். அதான் மரியாத."

"கினாதான் கூப்பிடறாங்களே. தெருவுல பாக்கறவங்களையெல்லாம்."

"தெருவுல சொல்றது கூப்பிடறதா? அது அவங்க பெரிய மனசு." பாக்கை வெளியே துப்பிவிட்டு வந்தார். பிறகு, "எங்களுக்கும்தான் ஏக்கமா இருக்கு. அந்த ரொட்டி வாசன சனிக்கிழமையானா தெருக்கோடி வரைக்கும் வருது. என் பொண்டாட்டி ஜன்னல சாத்திடறா, தாங்க முடியலன்னு. என்ன பண்றது? அவங்க இப்ப உசந்துட்டாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் போய் ஐலியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, மரியாதைதான் என்று தெரிந்தால் மனம் லேசாகும் என்பது என் கணக்கு. அவர் கெண்டியை அடுப்பில் வைத்தார்.

"கோவம்னா மன்னிப்புக் கேக்கலாம்" என்றார். "பிரியத்தக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால அடுக்கி வச்சிருக்காங்களே. இத நான் எப்படித் தள்றது?"

இத்தனை வருடம் இருந்த இவருக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்று எனக்குக் கேள்வி. கேட்டேன். செதுக்கினவற்றின் மதிப்பு தெரியும், தொட்டு அழுததுகூட உண்டு என்றார். ஆனால் எந்த விதியும் தன் சமையலறைக்குள் வந்ததே இல்லை. அந்தத் தகர வீடு எந்தப் பரம்பரையிலும் சேராத வீடு. அங்கே பெரிய வீட்டாரும் இல்லை, சாதாரண வீட்டாரும் இல்லை. தலைவி செபுல் நாள்தோறும் வந்து, பன்றி வளர்ப்பவர்கள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காருவார். ஊரில் வேறெங்கும் நடக்காத காரியம் அது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று ஐலி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"செபுல்கிட்ட போகணும். நீயும் வா. நீ வெளியூரான், உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மறுநாள் காலை போனோம். ஐலி கெண்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். தலைவியின் வீடும் மற்றவர்களுடையதுபோல ஒரே அளவுப் புது வீடுதான். வாசல் உத்திரம் மட்டும் வேறு. செபுல் குள்ளமான, கனத்த உடம்புக்காரர். தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சியில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஏதோ சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"ஆள் அனுப்பாம வந்துட்டே."

"நீயும் அனுப்பல, நானும் அனுப்பல. பொணத்துக்குத்தான் ஆள் அனுப்புவோம்னு இருந்தியா?"

செபுல் என் பக்கம் திரும்பினார். "இது யாரு ஒட்டடக் குச்சி?"

"ஆலயம் கட்ட வந்த பையன். தெக்கத்தியான். பட்டம் வாங்கியிருக்கான்."

"தெக்கத்தியானா. அதான் கதவு தெரியல." ஏற்கெனவே செய்தி எட்டியிருந்தது. "உக்காரு. நீயும் உக்காரு தம்பி. எப்படியும் கெட்டுப்போச்சு."

ஐலி கெண்டியைப் பிரித்துக் கிண்ணங்களில் ஊற்றினார். பிறகு நேராகக் கேட்டார். "அந்தப் பாம்ப ஏன் எனக்குக் குடுத்தே செபுல்?"

"வீடு பங்கு போட வந்த அதிகாரிங்க, மேல சொந்த வீடு இருந்தவங்களுக்குத்தான் இங்க வீடுன்னாங்க. உன்னோடது சபை வீடாம், உனக்குக் கெடையாதாம். அவ எங்க வீட்டு ஆளுன்னு சொன்னேன். வாயால சொன்னா ஆச்சா? கண்ணுக்குத் தெரியணும்ல. அதான் செதுக்கச் சொன்னேன். உன்ன எங்கயும் அனுப்ப முடியாம பண்ணணும்னு."

"அதனாலதான் போகப்போறேன் இப்ப."

செபுல் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். ஐலி எல்லாவற்றையும் சொன்னார். கோழிக்குப் போடுகிற ரொட்டி, மார்யுத்தின் கீழ்த்தளத்து அறை, கிறிஸ்துமஸ்.

"எனக்கு எங்க அம்மா செத்து நான் தலைவியான நாள்லருந்து இப்படித்தான்" என்றார் செபுல். "எவளும் பின்வாசல் வழியா வந்ததில்ல. உப்பு இருக்கான்னு ஒருத்தி கேட்டதில்ல. உன் பெஞ்சுல ஒரு தடவ அந்தப் பன்னிக்காரன் என் பங்கு ரொட்டிய எடுத்துத் தின்னுட்டான். எப்படித் திட்டினேன் அவன. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன்."

"அப்ப நீயாவது ஏன் வரல?"

"உன்னையும் பெரிய வீடாக்கிட்டேனே. பெரிய வீடு பெரிய வீட்டுக்குப் போகணும்னா ஊரத் தெரட்டிக்கிட்டு, சீர் தூக்கிக்கிட்டுப் போகணும். கூப்பிடாமப் போனா கேவலம். நீ கூப்பிடுவேன்னு உக்காந்திருந்தேன்."

இரண்டு பேரும் காப்பியைக் குடித்தார்கள். எனக்கு அங்கே இருப்பது சரியா என்று தெரியவில்லை. ஆனாலும் கட்டடம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வாய் சும்மா இருக்கவில்லை. "உத்திரத்தக் கழட்டிடலாமே. ரெண்டு மணி நேர வேலை" என்றேன்.

"தெக்கத்தியான்" என்றார் செபுல், சலித்துப்போய். "வாசல் உத்திரத்த எறக்கினா அந்த வீட்டுல ஆள் அத்துப்போச்சுன்னு அர்த்தம். இவ இருக்கையில எறக்கினா இவளப் பொதச்ச மாதிரி."

"ஆலய வாசல்ல வச்சிட்டா?" இது ஐலி. "என்னோடதுதானே, நான் சபைக்குக் குடுக்கறேன்."

செபுலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்புறம் ஆலயத்துக்குள்ள நீயும் நானும்தான் போகணும். போதகர் வெளிய நின்னு பிரசங்கம் பண்ணுவாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "குடுத்ததத் திருப்பி வாங்க முடியாது. ஆனா மரியாத வீட்டுக்குத்தான். அந்தக் கூரைக்குக் கீழ இல்லன்னா நீ வெறும் ஐலி."

"வெறும் ஐலியா இருக்கத்தானே இத்தன பாடு" என்றார் அவர்.

திரும்பி வரும்போது ஆலயத்துக்குப் பின்னால் கொட்டகைத் தகரத்தின் இடுக்கில் புகை வந்துகொண்டிருந்தது. ஐலி நின்றார்.

"இத எப்ப இடிக்கப்போறீங்க?"

"பிரதிஷ்டைக்கு முன்னாடி. வரைபடத்துல அங்க புல்தரை."

"கூரை ஒழுகுமா?"

"ஒழுகும்."

"அது பழக்கம்தான்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போனபோது, அடுப்புக்கு முன்னால் கினா ஐலி குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு கட்டில், ஒரு பெட்டி. அடுப்பின்மேல் சிவப்புக் கெண்டி. சமக் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கினா, இது எங்க சமையக்கட்டு."

"தெரியும். சம்பளம் இல்லாத சமையக்காரி வந்திருக்கேன்னு வச்சுக்கோ."

"இங்க நீங்க இருக்கலாமா? எலி இருக்கு."

"எலியாவது கூப்பிடாம வருது."

சமக்குக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அது அவர்களுடைய இடம். அவர்கள் அங்கே வர யாரும் கூப்பிட வேண்டியதில்லை. வாசலுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். துருப்பிடித்த தகரம். உள்ளே வந்தார். பெஞ்சின் நுனியில், பாதிதான் உட்கார்ந்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஐலி எதிரில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்து, எல்லோரையும்போலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் தலை குனிந்தபடி சாப்பிட்டு முடித்தார்கள். சமக் மட்டும் கிளம்பும்போது, "உப்பு கம்மி கினா" என்றார்.

"நாளைக்குப் பாரு" என்றார் ஐலி. திரும்பி அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினார்.

ஊர் உடனே வந்துவிடவில்லை. ஒரு வாரம் வேலையாட்கள் மட்டும்தான். சனிக்கிழமை ரொட்டி வாசனை வந்தபோது சமக்கின் மனைவி, கணவருக்குக் குடை கொடுக்க வந்ததாகச் சொல்லி எட்டிப் பார்த்தாள். வெளியே சுள்ளென்று வெயில். அவளுக்குப் பின்னால் கையில் ஒரு சேப்பங்கிழங்குகூட இல்லாமல், வெறுங்கையை வீசிக்கொண்டு, தலைவி செபுல் பின்பக்கமாக வந்தார். "நகருங்கடா" என்றார். நகர்ந்தார்கள். அதற்கப்புறம் பெஞ்சு போதவில்லை, இன்னொன்று அடித்தோம்.

கொட்டகையை இடிப்பதா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வரைபடத்தைத் திருத்தவில்லை. காகிதத்தில் இன்றைக்கும் அங்கே புல்தான் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு மார்யுத் வந்தாள். அம்மாவைப் போலவே உயரம், ஆனால் மொழி மறந்துவிட்டது, சில சொற்கள்தான் மிச்சம். ஆலயம் நிறைந்தது, பாட்டு கூரையில் மோதியது, போதகர் அழுதார். எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆராதனை முடிந்து கூட்டம் கொட்டகைக்குப் போனது. மார்யுத் வாசலில் நின்றாள். பெஞ்சு இரண்டும் நிரம்பியிருந்தன. ஐலி அடுப்படியில் பத்துப் பேரோடு ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். யாரோ மார்யுத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக எழுந்து, துணியால் பெஞ்சைத் துடைத்து, இரண்டு கையாலும் இடம் காட்டினார்கள். விருந்தாளிக்குக் காட்டுவதுபோல. அவள் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாத பேச்சுக்கு நடுவே, சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் கிளம்பிய நாள் விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில் அவள் பெட்டியை நான்தான் ஏற்றினேன். ஒரே பெட்டி. அம்மாவும் மகளும் அவர்கள் மொழியில் ஏதோ பேசினார்கள், கட்டிக்கொண்டார்கள். வண்டி கரும்புக்காட்டு வளைவில் மறையும்வரை ஐலி நின்றார்.

"ஊருக்கெல்லாம் பின்வாசலத் தொறந்து வச்சேன் தம்பி" என்றார். "அவளுக்கு மட்டும் எப்பவும் முன்வாசல்தான். விடுமுறைக்கு வந்து போற ஆளாவே வச்சுட்டேன். வர்றப்ப அழகான விரிப்பு, போறப்ப கையசைப்பு." நான் ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. கொட்டகைக்குத் திரும்பி நடந்தார். அங்கே அந்நேரம் யாரும் இல்லை. கழுவாத கிண்ணங்கள் மட்டும் இருந்தன.

அந்த வேலை முடிந்து நான் வேறு ஊர்களுக்குப் போய்விட்டேன். வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறேன். தலைவி செபுல் இரண்டு குளிர்காலத்துக்கு முன் காலமானார். இளையவர்கள் பெரும்பாலும் நகரத்து ஆலைகளில் இருக்கிறார்கள். இரண்டாவது பெஞ்சின்மேல் இப்போது விறகு அடுக்கியிருக்கிறது. பாம்பு செதுக்கிய வீட்டில் சபைக்கு வரும் பிஷப்புகள் தங்குகிறார்கள். தௌனோவுக்குக் கல்லறை இல்லை. ஆற்றில் தண்ணீர் தெளிந்திருக்கும் மாதங்களில் சமக் ஐலியைப் பாலம்வரை வண்டியில் கூட்டிப்போகிறார்.

கினா ஐலிக்கு இப்போது எண்பத்தொரு வயது. ஆலயத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மார்யுத் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். சனிக்கிழமைகளில் இன்னும் ரொட்டி சுடுகிறார், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக.